ஹார்குரோவுக்கு ஒரு தாய்மாமன்

ஆர்.எஸ்.மங்கலத்தில் கண்மாயைப் பார்த்த மாடி அறையில் உட்கார்ந்து சேதுலட்சுமி தேடிக்கொண்டிருந்தது ஓர் அமெரிக்காக்காரரின் அப்பாவை. சிரிக்காதீர்கள், அவள் உத்தியோகமே அதுதான். கேட்பவர்களுக்கு அவர்கள் வம்சத்தைத் தேடிக் கொடுக்கும் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள்.

இங்கிலாந்துக்காரன் அமெரிக்காவை ஆண்ட காலத்தில் வர்ஜீனியாவில் பெரிய நிலக்கிழாராக இருந்தவர் தாமஸ் ஹார்குரோவ். இங்கிலாந்திலிருந்து இளந்தாரியாகக் கப்பலேறிப் போனவர். யார் பெற்ற பிள்ளை என்றுதான் தெரியவில்லை. அவருடைய இங்கிலாந்து ஊர் மாதாகோயில் பதிவில் அதே பெயரில், அதே வயதில் மூன்று தாமஸ்! எந்தத் தாமஸ் நம் தாமஸ்?

"ஏத்தா, எம் பூட்டன் பேரே எனக்குத் தெரியாது. நீ எவனோ ஒருத்தனோட பூட்டனுக்குக் கண்ணைக் கெடுத்துக்கிறியே!" என்பார் மாமனார் மூக்கையா. நெல் விவசாயி, வாய் சும்மா இருக்காது.

அவளுக்கோ இது விளையாட்டில்லை. இந்த மாதத்துக்குள் கண்டுபிடிக்காவிட்டால் வீட்டிலிருந்து பார்ப்பது ரத்து, சென்னை ஆபீசுக்கு வந்துவிட வேண்டும் என்று கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது. மகள் யாழினி இன்னும் கைப்பிள்ளை. அவளை விட்டுவிட்டு எப்படிப் போவாள்?

நிலம் என்றாலே பங்காளி என்று பழகிய புத்தி அவளுக்கு. ஹார்குரோவ் என்ற குடும்பப் பெயர் உள்ள ஆட்களையே துழாவினாள். தாமசுக்கு முதல் நிலத்தைச் சும்மா எழுதிக்கொடுத்தவர் நத்தானியல் பெல். தாமஸின் பிள்ளைகளை ஞானஸ்நானத்தில் கையில் ஏந்தி நின்றவரும் அவரே. வேறு வீட்டுப் பெயர்தானே, சிநேகிதராக இருக்கும் என்று ஒதுக்கிவிட்டாள்.

இதற்கிடையில் யாழினிக்குக் காதுகுத்து. திருவாடானைக் கல்யாண மண்டபத்தில் ஆசாரி ஊசியோடு காத்திருந்தார். சேதுலட்சுமியின் தம்பி பாண்டித்துரையைக் காணோம். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊர்த் துறைமுகத்தில் வேலை அவனுக்கு. பஸ் கிடைத்ததோ என்னவோ. நல்ல நேரம் போகிறதே என்று புருஷன் வீட்டுப் பங்காளி ஒருவர், "நான் மடியில வச்சுக்கிறேன்" என்று மணையில் உட்கார்ந்தேவிட்டார்.

மூக்கையாவுக்கு வந்ததே கோபம்! "ஏலே, எந்திரி! பங்காளி எத்தனை பேரு இருந்தா என்ன? பிள்ளைய மடியில வச்சுக்க மாமன் வரணும்டா!"

அந்நேரம் பார்த்துத் தாம்பாளமும் கையுமாக மூச்சிரைக்க வந்து சேர்ந்தான் பாண்டித்துரை. "மன்னிச்சுக்கங்க மாமா, பஸ் பஞ்சராயிருச்சு!" அவன் மடியில் யாழினி வீறிட்டாள். எல்லோரும் குலவை போட, சேதுலட்சுமியின் புத்தி மட்டும் வர்ஜீனியாவுக்கு ஓடியது. பிள்ளையை ஏந்தியவர், நிலம் கொடுத்தவர்... அட, நத்தானியல் பெல் தாய்மாமனாக இருக்கக்கூடாதா?

வீட்டுக்குத் திரும்பியதும் பட்டுச்சேலையைக்கூட மாற்றவில்லை. அந்த மூன்று தாமஸ்களில் யாருடைய அம்மா பெல் வீட்டுப் பெண்? கல்யாணப் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். முதல் தாமஸின் அம்மா இல்லை, மூன்றாவது தாமஸின் அம்மாவும் இல்லை. இரண்டாவது தாமஸின் அம்மா, ஆன் பெல்! ஆனுக்கும் நத்தானியலுக்கும் தகப்பன் ஒருவரே என்று அவர்கள் ஞானஸ்நானப் பதிவு சொன்னது. அந்த ஆனின் புருஷன்தான் அவள் தேடிய அப்பா! அவள் போட்ட சத்தத்தில் வீடே மாடி ஏறி ஓடி வந்தது.

தேடச் சொல்லியிருந்த, ஹார்குரோவின் வழிவந்த அமெரிக்க அம்மாள் வீடியோவில் அழுதே விட்டார். கம்பெனியும் எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டுச் சொன்னது: சேதுலட்சுமி எங்கேயும் வர வேண்டாம், இனிமேல் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

டீக்கடையில் மூக்கையாவைப் பிடிக்க முடியவில்லை. "அமெரிக்காக்காரனுக்கே தாய்மாமனைக் கண்டுபிடிச்சுக் குடுத்தவ எம் மருமக!"

வீட்டுக்கு வந்தவர் கேட்டார்: "அந்த மாமன் எம்புட்டு நெலம் குடுத்தான்?"

"முந்நூறு ஏக்கர், மாமா."

அக்காவைப் பார்க்க வந்திருந்த பாண்டித்துரையை மூக்கையா மேலும் கீழும் பார்த்தார். "கேட்டுக்கிட்டியா? நீ ஒரு சீப்பு வாழைப்பழத்தோட வந்து நிக்கிற!"

"அதுக்கென்ன மாமா, மண்டபம் கடலையே எழுதிக் குடுத்துட்டுப் போறேன்!"

சேதுலட்சுமிக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காதில் புதுத்தோடு மின்னிய மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அடுத்த வம்சத்தைத் தேட மாடிக்குப் போனாள்.