கோயில் வாசலில் கழற்றிய சப்பாத்து

பெரியகல்லாற்று வதனிக்கு ஐம்பத்திரண்டு வயது. வாவியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் இறால் தடவியே இரண்டு பிள்ளைகளைக் கரைசேர்த்தவள். சும்மா இருக்கத் தெரியாத பிறவி. அவளைப் போய் ஆறு கிழமை, ஒன்றரை மாதம், முன்காலை ஊன்றாதே என்றால் நடக்கிற காரியமா?

வலது பெருவிரல் பக்கத்து விரலின் மேல் சரிந்து, அடிமூட்டு தேசிக்காய் அளவு புடைத்து, சேற்றில் கால் வைத்தாலே உயிர் போய்வந்தது. டொக்டர் முனாஸ் மூட்டைச் சுரண்டி, விரலை நேராக்கி, தகடும் ஆணியும் வைத்துப் பூட்டினார்.

"மூட்டு இனி மடங்காது. எலும்பு ரெண்டும் ஒண்டாப் பிடிச்சா நோவும் இரிக்காது, வாவியிலயும் இறங்கலாம். அதுவரைக்கும் விரல் நிலத்தில படாத இந்தச் சப்பாத்தோட குதிக்காலாலதான் நடக்கோணும்."

வீட்டில் வதனி கட்டிலில் இருந்தபடியே உலையை ஏற்றச் சொன்னாள், இறக்கச் சொன்னாள், கறிக்கு உப்புக் காணாது என்று சண்டை பிடித்தாள்.

"வாய்க்கும் ஒரு தகடு வைச்சிரிக்கலாம்," என்றார் கணவர் வினாயகமூர்த்தி.

நான்காம் கிழமை கண்ணகை அம்மன் கோயிலில் குளுர்த்தித் திருவிழா.

"வருசத்தில ஒருக்காத்தான் அம்மன் கதவு திறக்கிறா. நான் போகாம இரிக்கிறதா?"

ஓட்டோவில் போய் இறங்கி, வாசலில் செருப்புக் குவியலோடு சப்பாத்தையும் கழற்றி வைத்தாள். குதிக்காலால் சமாளிக்கலாம் என்ற நினைப்பு. பெண்களின் குரவை ஒலி எழுந்ததும் சனம் முன்னுக்குத் தள்ள, முழுக்காலும் மணலில் ஊன்றியது. உள்ளே ஏதோ 'டக்' என்றது. பல்லைக் கடித்துக்கொண்டு கும்பிட்டாள். முன்னால், மோட்டார் சைக்கிளால் விழுந்த ஊர்ப் பெடியன் தனோஜன் முழங்கால் வரை மாவுக்கட்டோடு கதிரையில் இருந்தான். பூசகர் அவனுக்குத்தான் முதலில் தீர்த்தம் கொடுத்தார்.

அதன்பிறகு இரண்டு கிழமை அவள் பட்ட பாடு! விரல் விண்விண் என்று தெறித்தது. புரண்டாள், எழும்பினாள், கால் கட்டை அவிழ்க்கப்போய்க் கையை இழுத்துக்கொண்டாள். ஒருவருக்கும் மூச்சு விடவில்லை.

கிளினிக்கில் எக்ஸ்ரேயைப் பார்த்த முனாஸின் முகம் மாறியது.

"ஆணி ஒண்டு முறிஞ்சிட்டு. எலும்பு பிடிக்கல்ல. சப்பாத்தக் கழட்டினீங்களா?"

"அம்மன்ட வாசலுக்குள்ள சப்பாத்தோட எப்பிடிப் போற, டொக்டர்?"

"அது கட்டு மாதிரித்தானே! கட்டுப் போட்டு வாற ஆக்களக் கழட்டிட்டு வா எண்டு ஆரும் சொல்றதா?"

தனோஜனின் மாவுக்கட்டு அவள் கண்ணுக்குள் வந்து நின்றது. ஐயோ, இவ்வளவும் எதற்கு!

"இன்னும் ஆறு கிழமை பாப்பம். பிடிக்காட்டித் திரும்பவும் வெட்டத்தான் வேணும்."

கூட வந்த வினாயகமூர்த்தி ஏசுவார் என்று காத்திருந்தாள். அவரோ கீழே குந்தி, சப்பாத்தின் பட்டியை எடுத்தார். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

"நல்லா இறுக்குங்க," என்றாள். "நான் கேட்டாலும் கழட்டாதீங்க."