ஈரல்காரியின் மாத்திரை

"ஈரல்காரியே ரத்தம் ஊற மாத்திரை முழுங்குறாளாம்." மருந்துக்கடை வரிசையில் யாரோ சொன்னதை ஐஸ் வண்டிக்காரர் கேட்டார். அது சந்தையின் மீன் பக்கத்தை ஒரு சுற்று சுற்றி, கடைசியில் ஈரல்காரியிடமே வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவள் நாத்தனார், எதிரே சிப்பியும் நண்டும் விற்பவள்.

"நிஜமா அண்ணி?"

"ஊர் வாயை மூட உலைமூடி இருக்கா?"

நிஜம்தான். "ரத்தம் கம்மியா? ஈரல் சாப்பிடு" என்று பதினெட்டு வருடம் கூவி விற்றவள், தான் ஒரு துண்டும் தின்றதில்லை. நாள் முழுக்க வெட்டியதைத் தட்டில் பார்த்தால் தள்ளி வைத்துவிடுவாள். இப்போதோ கர்ப்பப்பையில் கட்டி. மாதாமாதம் ரத்தம் போகிற போக்கில் நகம்கூட வெளுத்துவிட்டது. ரத்த அளவு பத்தைத் தொடாமல் கத்தி வைக்க மாட்டேன் என்று டாக்டர் ஆபரேஷனை இரண்டு முறை தள்ளிவிட்டார். நாலு மாதம் இரும்பு மாத்திரை விழுங்கியும் அளவு எட்டை விட்டு அசையவில்லை.

"மாத்திரையைத் தூக்கிப் போடுங்க. என் சிப்பியைத் தின்னுங்க."

"விக்காததை என் தலையில கட்டப் பாக்குறியா?"

மறுநாள் ஈரல் வாங்க வந்த நர்ஸ், எடை போடும் நேரத்தில் ஈரல்காரி மாத்திரையை வாயில் போட்டு, டீயை மடக்கென்று ஊற்றிக்கொள்வதைப் பார்த்துவிட்டாள்.

"அக்கா, டீயிலயா?"

"வேற எதுல?"

சந்தைப் பெண்கள் மத்தியானம் வரை தண்ணீர் தொடுவதில்லை. கழிவறை கடைசி மூலையில், சாவி காவல்காரரிடம். தொண்டை நனைய இரண்டு வாய் டீ, அவ்வளவுதான்.

"டீ அந்த இரும்பை உடம்புல சேர விடாது. ஒரு கையால குடுத்து மறு கையால பிடுங்கியிருக்கீங்க."

"அப்ப ஈரலையே தின்னுடவா?"

"தின்னுங்க, சிப்பியும் தின்னுங்க. அந்த இரும்பு நல்லா ஒட்டும். ஆனா உங்க நிலைமைக்கு அது மட்டும் போதாது. மாத்திரையை விடாதீங்க, டீயை ரெண்டு மணி நேரம் தள்ளி வைங்க."

நாத்தனார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அன்றே காவல்காரரோடு மல்லுக்கட்டிச் சாவியை வாங்கித் தன் தராசுக் கொக்கியில் மாட்டினாள். "இனிமே தண்ணி குடிங்க."

மத்தியானம்தோறும் வேகவைத்த சிப்பி ஒரு டப்பாவில் வந்தது. முதல் நாள் ஈரல்காரி மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள். மூன்றாம் வாரம் டப்பாவைத் துடைத்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றாள்.

"பாருங்கடி, வாய் நீளுது. உடம்பு தேறிடுச்சு."

ஈரலை மட்டும் கடைசிவரை தொடவில்லை.

இரண்டு மாதம் போனது. குளிரறைப் படிக்கட்டில் பாதியில் நின்று மூச்சு வாங்குகிறவள், நேற்று கூடையோடு ஒரே மூச்சில் ஏறிவிட்டாள். ஏறிய பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தாள். முடிவைப் போனில் சொல்வதாகப் பேச்சு.

இன்று மணிக்கட்டு வரை ஈரலில் கை இருக்கும்போது, தராசுப் பக்கம் பிளாஸ்டிக் உறைக்குள் போன் அதிர்ந்தது.

"அண்ணி, அவங்கதான். எடுங்க."

"நீ எடேன்."

"என் கையெல்லாம் நண்டு."

ஈரல்காரி குழாயைத் திறந்து, விரல் இடுக்கெல்லாம் சோப்புப் போட்டாள். நுரைக்குள்ளிருந்து நகங்கள் இளஞ்சிவப்பாக எட்டிப் பார்த்தன. முந்தானையில் கை துடைத்துக்கொண்டு நடந்தாள். போன் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது.