நண்டு லாரியைக் கிளப்பிவிட்ட மதியம்

என் அம்மா பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிறாள் என்பதை அடையாறு ஆபீஸில் மூன்று வருஷம் நான் யாரிடமும் சொன்னதில்லை. வீடு எங்கே என்று கேட்டால் "சாந்தோம் பக்கம்" என்பேன். அம்மா என்ன செய்கிறார்கள் என்றால் "பிசினஸ்". காலையில் ரோட்டோரக் கடையில் அவளுக்குக் கூடமாட இருந்துவிட்டு, பதினொன்றரைக்கு வீட்டுக்கு ஓடி, எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துக் குளித்து, மதிய ஷிப்டுக்கு பஸ் ஏறுவேன். பஸ்ஸில் உட்கார்ந்ததும் விரல்களை ஒருமுறை மோந்து பார்த்துக்கொள்வேன்.

பிரிட்டனிலிருந்து பக்கத்து நாடுகளுக்கு லாரிகளில் சரக்கு அனுப்பிவைக்கும் ஒரு கம்பெனிக்கு நாங்கள் இங்கே உட்கார்ந்து பில் டைப் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். உப்புச்சப்பில்லாத வேலை. தேதி, பெட்டி எண்ணிக்கை, எடை. அடுத்த பில். அந்த நாடு ஐரோப்பியக் கூட்டமைப்பிலிருந்து விலகப்போகிறது என்று டிவியில் வருஷக்கணக்காகப் பேசிக்கொண்டிருந்தபோது, நான் சானலை மாற்றிவிட்டுப் போனவள்தான். அது எங்கள் ஆபீஸ் மாடிப்படி ஏறி என் மேஜைக்கே வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

வந்தது. ஜனவரி பிறந்த முதல் வாரம் மேனேஜர் எங்கள் பன்னிரண்டு பேரையும் கூப்பிட்டு நிற்கவைத்தார். எல்லோரும் முகக்கவசத்தோடு தள்ளித் தள்ளி நின்றோம். அதுவரை ஒரு பிரிட்டிஷ் மீன் லாரி பிரான்சுக்குள் போவது, எங்கள் கடையிலிருந்து ராயப்பேட்டைக்கு ஒரு கூடை மீன் போகிற மாதிரிதான். நடுவில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்க ஆள் கிடையாது. இனிமேல் ஒவ்வொரு லாரிக்கும் மாட்டு டாக்டர் கையெழுத்துப் போட்ட சுகாதாரச் சான்றிதழ் வேண்டும், எந்தப் படகு பிடித்தது என்ற தாள் வேண்டும், சுங்கத்துக்குத் தனி அறிவிப்பு வேண்டும். அந்தச் சுங்க அறிவிப்பைத் தயார்செய்வது இனி எங்கள் வேலை.

மேனேஜர் மயிலாப்பூர் மாடவீதி மாமி. பூண்டு வாசனை வந்தாலே ஜன்னலைத் திறப்பவர். மீன் பிரிவை அவர் தலையில் கட்டியிருந்தார்கள்.

"எங்காத்துல வெங்காயமே பாதி நாள் கிடையாது. என்னைப் பிடிச்சு மீனுக்குப் போட்டிருக்கா பாருங்கோ" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். பிறகு எங்களைப் பார்த்து, "உங்கள்ல யாருக்காவது மீனைப் பத்தி ஏதாவது தெரியுமா?" என்றார்.

என் கை தானாக மேலே போனது. இன்றைக்கும் எனக்கு அது ஆச்சரியம்தான்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எங்கம்மா பட்டினப்பாக்கத்துல மீன் கடை வெச்சிருக்காங்க மேடம்."

பதினோரு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மேனேஜர் இரண்டு கையையும் குவித்து, "பெருமாளே, வழி காட்டிட்டே" என்றார். அவர் பக்கத்திலேயே எனக்கு நாற்காலி போடப்பட்டது.

அடுத்த வாரங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு உற்சாகம் பொங்கும். ஒவ்வொரு மீனுக்கும் ஒரு லத்தீன் பெயர், சுங்கத்துக்கென்று ஒரு நீள எண். அதே மீன் உயிரோடு போனால் ஒரு எண், ஐஸில் போனால் ஒன்று, உறைந்து போனால் வேறொன்று. பஸ்ஸில் மனப்பாடம் செய்தேன். கடையில் கவளை மீனை அடுக்கிக்கொண்டே சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். "இன்னாடி பேரு இது, வாய்லயே நொழைய மாட்டேங்குது" என்று அம்மா சிரிப்பாள். ஆபீஸில் போன் ஓயாது. கடல் தாண்டி லாரிகள் வரிசைகட்டி நின்றன. யாருக்கும் எதுவும் முழுசாகத் தெரியவில்லை, அங்கேயும் சரி, இங்கேயும் சரி. தெரிந்த கொஞ்சத்தில் பாதி எனக்குத் தெரியும் என்பதே எனக்கு றெக்கை முளைத்தது போல இருந்தது.

மூன்றாவது வாரம் ஒரு புதன்கிழமை, மதியம் ஒன்றேமுக்காலுக்கு அந்த போன் வந்தது. ஸ்பெயினுக்குப் போகும் நண்டு லாரி ஒன்று பிரெஞ்சுத் துறைமுகத்தில் நிற்கிறது. காகிதங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லையாம். எது எதோடு பொருந்தவில்லை என்று டிரைவருக்குத் தெரியவில்லை. வடக்கே ஒரு சின்னக் கடற்கரை ஊரில் ஒரே படகு வைத்திருக்கும் புருஷன் பெண்டாட்டி அனுப்பிய சரக்கு அது.

"நண்டு எத்தனை நேரம் தாங்கும்?" என்று மேனேஜர் கேட்டார்.

"ஈரச் சாக்கு போட்டிருந்தா ரெண்டு நாள் மேடம். அதுக்குள்ள தண்ணியில விடணும்."

"கிளம்பியே ஒண்ணரை நாள் ஆச்சே!"

மூன்று காகிதங்களையும் திரையில் பக்கம் பக்கமாக வைத்தேன். லத்தீன் பெயர் சரி. எடை சரி. பெட்டி எண்ணிக்கை சரி. படகின் பெயர், எழுத்துக்கு எழுத்து சரி. மூன்று முறை படித்தேன். நாலாவது முறைதான் கண்ணில் பட்டது. டாக்டர் தாளில் 'உயிருள்ளது' என்று இருந்தது. எங்கள் அறிவிப்பில் இருந்த எண், ஐஸில் வைத்த நண்டுக்கான எண். கீழே தயாரித்தவர் என்ற இடத்தில் என் பெயரின் முதல் எழுத்து.

காது மடல் சுட்டது. அனுப்பியவர்கள் தங்கள் குறிப்பில் 'பிரெஷ் நண்டு' என்று எழுதியிருந்தார்கள். எண் பட்டியலில் 'பிரெஷ்' என்ற வார்த்தை ஐஸில் வைத்ததற்குப் பக்கத்தில்தான் வரும். நான் அதை எடுத்துப் போட்டுவிட்டேன். எங்கள் கடையில் யாராவது "நண்டு பிரெஷ்ஷா?" என்று கேட்டால் அம்மா பதிலே சொல்ல மாட்டாள். ஒன்றைத் தூக்கிக் காட்டுவாள், கால்கள் உதைக்கும். நண்டு விற்கிறவர்களுக்கு பிரெஷ் என்றால் உயிரோடு இருப்பது. உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"மேடம், தப்பு என்னோடது" என்று சொன்னேன்.

மேனேஜர் நாற்காலியை என் திரைப் பக்கம் நகர்த்தினார். "அப்புறமா திட்டறேன். இப்ப என்ன பண்ணணும், சொல்லு."

"அனுப்பினவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டு உறுதி பண்ணணும். மெயில் போட்டா பதில் எப்ப வருமோ தெரியாது. போன் போடவா?"

வாடிக்கையாளருக்கு நாங்கள் நேராக போன் போடக்கூடாது என்பது கம்பெனி சட்டம். "போடு. கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு" என்றார்.

எடுத்தது மனைவி. அவர் இங்கிலீஷ் நான் டிவியில் கேட்ட இங்கிலீஷ் இல்லை. வார்த்தைகள் கூழாங்கல் மாதிரி உருண்டு வந்தன. நண்டுகள் உயிரோடுதான் ஏற்றப்பட்டனவா என்று கேட்டேன்.

"உயிரோடவா? பெட்டியில போடும்போது ஒண்ணு என் புருஷன் கட்டை விரலைக் கவ்விடுச்சு. இன்னும் கட்டுப் போட்டிருக்கார்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. "பதிமூணு வருஷமா அனுப்பறேன். ஒருத்தர் ஒரு தாள் கேட்டதில்லை" என்றார்.

"தப்பு நான் பண்ணினது. இப்பவே திருத்தறேன். போனை வெச்சுடாதீங்க" என்றேன்.

திருத்திய அறிவிப்பை அனுப்பினேன். திரையில் 'பரிசீலனையில்' என்று மஞ்சளாக ஒரு வரி வந்தது. அப்படியே நின்றது. பக்கத்து மேஜைக்காரர்கள் எழுந்து என் நாற்காலிக்குப் பின்னால் கூடிவிட்டார்கள். தள்ளி நிற்கவேண்டும் என்பதெல்லாம் யாருக்கும் ஞாபகமில்லை. மேனேஜர் முகக்கவசத்துக்குள் ஏதோ ஸ்லோகம் முணுமுணுத்தார். அவர் நண்டுக்காக வேண்டிக்கொண்டது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

"நீ எங்கேருந்து பேசறே?" என்று போனில் அந்த அம்மா கேட்டார்.

"சென்னை. இந்தியா."

"அங்கே கடல் இருக்கா?"

"எங்க வீட்டு மொட்டைமாடிக்குப் போனா கடல்தான். எங்கம்மாவும் மீன்தான் விக்கிறாங்க."

"அப்போ நீ பாத்துப்பே" என்றார்.

மூன்று நாற்பதுக்கு மஞ்சள் வரி பச்சையானது. நான் கத்தியதில் கீழ்த்தளத்து செக்யூரிட்டி மேலே ஓடிவந்துவிட்டார். மேனேஜர் டிரைவருக்குப் போட்ட போனை ஸ்பீக்கரில் வைத்தார். பதிலுக்கு டிரைவர் லாரி ஹாரனை நீளமாக ஒரு அழுத்து அழுத்தினார். ஆபீஸ் முழுக்க அது முழங்கியது. இன்னொரு போனில் அந்த அம்மாவும் கேட்டிருப்பார். அவர் அழுதாரா சிரித்தாரா, என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் காலை கடையில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"நண்டு உசுரோட கீதா இல்லியான்னு கேக்காமயா எழுதின? நீயெல்லாம் மீன்காரி பொண்ணா?"

வாங்க நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு வஞ்சிரத்தை வெட்டி முடித்துவிட்டு அவளே கேட்டாள்: "போய்ச் சேந்துச்சா?"

"சேந்துச்சும்மா. கொஞ்சம் செத்துப்போச்சு. முக்கால்வாசி உசுரோடதான்."

அவ்வளவுதான். அடுத்த கடை அக்கா, ஐஸ் கொண்டு வருகிறவர், பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "சீமைல நின்னுக்கினு இருந்த லாரிய எம்பொண்ணு அடையாறுல குந்திக்கினே கெளப்பி உட்டாம்மே!" என்று அறிவித்தாள்.

தப்பு செய்ததற்கு எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நாலு மாதம் கழித்து மீன் பிரிவின் பொறுப்பும் வந்தது. இரண்டுக்கும் மேனேஜரே கையெழுத்துப் போட்டார்.

நண்டு அனுப்பிய அந்த அம்மாவுக்கு அப்படி நடக்கவில்லை. பெரிய கம்பெனிகள் காகிதத்துக்கென்று ஆள் வைத்துக்கொண்டன. ஒரு படகு வைத்திருப்பவர்களுக்கு அது கட்டுப்படியாகவில்லை. பத்துப் பெட்டி அனுப்பினாலும் அதே டாக்டர், அதே தாள்கள், அதே காத்திருப்பு. அந்தக் கோடையில் கடைசி லாரியை அனுப்பிவிட்டு, இனி உள்ளூர் ஓட்டல்களுக்கு மட்டும்தான் என்று மெயில் போட்டார். அவர்கள் தொழில் சுருங்கிய அதே காரணத்தால்தான் என் மேஜை பெரிதானது. அதை எந்தக் கணக்கில் வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. மெயிலின் கடைசியில், 'உன் கடலை ஒருநாள் காட்டு' என்று இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு வீடியோ காலில் கூப்பிட்டேன். அங்கே அப்போதுதான் விடிந்து வெயில் வந்திருந்தது. சாம்பல் நிறத்தில் துறைமுகக் கல் சுவர், அதற்குக் கீழே ஒரு சிவப்புப் படகு. அந்த அம்மா கம்பளிச் சட்டை போட்டிருந்தார், கோடையில்! நான் போனை எங்கள் கரை முழுக்கச் சுற்றிக் காட்டிவிட்டு அம்மாவிடம் கொடுத்தேன். இருவருக்கும் பேச ஒரு பொது வார்த்தை கிடையாது. அம்மா நீலக்கால் நண்டு ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். அங்கே அவர் புருஷன் தட்டு அகலத்துக்கு ஒரு பழுப்பு நண்டைத் தூக்கிக் காட்டினார்.

"யம்மாடி, இன்னா சைசு!" என்றாள் அம்மா. பிறகு என்னிடம், "அங்க அலை எப்டி கீதுன்னு கேளு" என்றாள்.

கேட்டேன். இன்றைக்கு நல்லா இருக்கு, இன்னும் பத்து நிமிஷத்தில் படகு கிளம்புகிறது என்றார்கள்.

"சரி, பாத்துப் போவச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, சங்கரா மீன் கேட்டு நின்றவரிடம் திரும்பினாள். நான் போனைப் பிடித்துக்கொண்டே நின்றேன். திரையில் அந்தச் சிவப்புப் படகு சுவரைத் தாண்டி வெளியே போகும்வரை பார்த்தேன்.