பதினொரு முட்டையும் சுண்ணாம்பு வளையமும்

ஆம்பூருக்கு நான் போய்ச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும். அதற்குள் கோலார் சுரங்கத்தில் ஒரு வருஷம், ஜோலார்பேட்டைப் பக்கம் ரயில் பாதைக்குக் கல் சுமந்து ஒரு வருஷம், ஆற்காட்டு நெல் மண்டியில் மூட்டை தூக்கிச் சில மாசம் என்று ஓட்டியிருந்தேன். எங்கும் தங்கிப் பழக்கம் இல்லை. ஆம்பூரிலும் மழை முடிகிறவரை இருக்கலாம் என்றுதான் வந்தேன். தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை கிடைத்தது. ஊறிய ஆட்டுத்தோலைக் குழியிலிருந்து இழுத்து, வளைந்த மரத்தின்மேல் போட்டு, மொட்டைக் கத்தியால் மயிரைச் சீவித் தள்ள வேண்டும். விரல் இடுக்கெல்லாம் வெந்துபோகும். விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு மறுநாளும் போவோம்.

அதே ஷாப்பில் தோல் ஊறப்போட ஆவாரம்பட்டை இடிக்கிற ஒரு பெண்பிள்ளையின் வீட்டில் பின்சாய்ப்பு காலியாக இருந்தது. அங்கே தங்கினேன். நாற்பது வயசு தாண்டியவள், புருஷன் இல்லை. ஒரே மகளைக் குடியாத்தத்துப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தாள். நான் அவளை அக்கா என்று கூப்பிட்டேன். அவள் என்னைத் தம்பி என்றும், கோபம் வந்தால் துரை என்றும் கூப்பிட்டாள்.

மகளுக்கு அப்போது ஐந்தாம் மாசம். அது இரண்டாவது வயிறு. முதல் பிள்ளை மூன்று நாள்தான் இருந்தது. அந்தத் தடவை பிள்ளை பெற்ற உடம்புக்குப் பூண்டுக் குழம்பும் கஞ்சியும் தவிர அக்காவால் வேறு எதுவும் கொடுக்க முடியவில்லை. "பச்ச உடம்புக்காரிக்கு ஒரு வெடக்கோழி அடிச்சு ரசம் வச்சுக் குடுக்கலியே" என்பதை அவள் பட்டை இடிக்கும்போதும் சொல்வாள், சோறு போடும்போதும் சொல்வாள். ஒரு கோழி ரசத்தில் பிள்ளை பிழைத்திருக்குமா என்று நான் கேட்டதில்லை. இந்தத் தடவை கூண்டில் கோழி இருக்க வேண்டும். அவளுக்கு அவ்வளவுதான்.

அவளிடம் இருந்தது ஒரே ஒரு செவலைக் கோழி. நான் வருவதற்கு முன்னால் அது ஒரு முறை அடைகாத்ததாம். முட்டைகளை ஒன்று விடாமல் பாம்பு தின்றுவிட்டது. பக்கத்து வீட்டு பீபீதான் அதைக் கண்ணால் பார்த்தவள். படமெடுத்து நின்றதாம். அதனால் அது நல்ல பாம்பு என்று தெரிந்துபோயிற்று. நல்ல பாம்பை அக்கா அடிக்க விடமாட்டாள். ஏரிக்கரைப் புற்றுக்கு வெள்ளிக்கிழமைதோறும் பாலும் ஒரு முட்டையும் கொண்டுபோய் வைக்கிறவள் அவள். எங்கள் ஷாப்புக்கும் வெள்ளிதான் லீவு.

"அக்கா, நீ அதுக்கு வாரத்துக்கு ஒண்ணுன்னு பழக்கி வுட்டுட்டே. அது மிச்ச நாளுக்கும் உன் வூட்டத் தேடி வருது" என்பாள் பீபீ, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து.

"உன் வூட்டுக் கோழிய ஏன் தொடல? உன்னப் பாத்தா அதுக்கே பயம்" என்பாள் அக்கா.

செவலை மறுபடி அடைக்கு உட்கார்ந்தது. மண்கூண்டுக்குள் ஒரு கூடையில் மணலும் வைக்கோலும் பரப்பி, இடிக்குக் காவலாக ஒரு இரும்புத் துண்டும் காய்ந்த மிளகாயும் போட்டு, பதினொரு முட்டைக்கும் கரியால் கோடு இழுத்து அக்கா வைத்தாள். இது பொரித்தால், மகள் பிள்ளை பெறும் நேரத்துக்குக் குஞ்சுகள் ரசத்துக்கு ஆகிற அளவுக்கு வளர்ந்துவிடும். தவறினால் இன்னொரு அடைக்கு நாள் இல்லை. அதை அவள் விரல் விட்டு எண்ணி எனக்குச் சொன்னாள்.

அங்கேதான் நான் என் மூளையைக் காட்டினேன். சுண்ணாம்புக் குழிப் பக்கம் நான் ஒரு நாளும் பாம்பைக் கண்டதில்லை. ஆகவே சீவிப்போட்ட மயிரைச் சுண்ணாம்போடு அள்ளி வந்து கூண்டைச் சுற்றி வளையமாகக் கொட்டினால் பாம்பு தாண்டாது என்று முடிவு பண்ணினேன். ஷாப்பில் ஆளும் நாயும் நாள் முழுக்க நடமாடுவதால்தான் பாம்பு வருவதில்லை என்று எனக்குத் தோன்றவில்லை.

அக்கா சந்தேகமாகப் பார்த்தாள். "நாத்தம் எடுக்காதா, தம்பி?"

"புஸ்தகத்துலயே போட்டிருக்கு அக்கா" என்றேன்.

நான் மூன்றாம் வகுப்புவரை போனவன். எழுத்துக் கூட்டி வாசிப்பேன். எந்தப் புஸ்தகத்திலும் அப்படிப் போட்டிருக்கவில்லை. ஆனால் அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. அச்சில் இருக்கிறது என்றால் அவளுக்கு அது போதும். மறுபேச்சு இல்லாமல் கூடையை எடுத்துக் கொடுத்தாள். இரண்டு நாள் சுமந்து, கூண்டைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குக் கொட்டினேன். வெள்ளையாகப் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது.

மறுநாளே மழை பிடித்தது. சுண்ணாம்பு கரைந்து ஓடிவிட்டது. மயிரோடு வந்த சவ்வும் கொழுப்பும் மட்டும் தங்கி அழுகின. அந்த வாடைக்குப் பெருச்சாளி வந்தது. வளையத்தைக் கிளறித் தின்றுவிட்டு, அங்கேயே பக்கத்தில் வளை தோண்டிக்கொண்டது. வளை கூண்டுக்கு அடியில் போனதை நான் பார்க்கவில்லை. "இன்னா தம்பி, எலி ஜாஸ்தியாப் பூட்ச்சு?" என்று அக்கா கேட்டபோது, மழைக்கு அப்படித்தான் என்றேன்.

அடை வைத்த ஒன்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. அக்கா சொம்பில் பாலும் முந்தானையில் முட்டையுமாகப் புற்றுக்குப் போயிருந்தாள். நான் வாசலில் உட்கார்ந்து விரல்களுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். கோழி கத்தியது. அடைக்கோழி அப்படிக் கத்தாது. ஓடிப்போய்க் கூண்டு வாயை மூடியிருந்த பலகையை எடுத்தேன்.

கூண்டின் மூலையில் தரை உள்வாங்கி ஓட்டை விழுந்திருந்தது. பாம்பு அந்த வழியாகப் பாதி உடம்பை மேலே நீட்டி, கூடைக்குள் தலையை வைத்திருந்தது. கழுத்துக்குக் கீழே ஒரு முட்டை புடைப்பாக நகர்ந்துகொண்டிருந்தது. கோழி இறகையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு எதிர் மூலையில் நின்றது. நான் வெளியே கொட்டிய வளையத்தைப் பாம்பு தாண்டவே இல்லை. அதற்கு அடியில் நான் வரவழைத்த பெருச்சாளி போட்டுக் கொடுத்த வழியில் வந்திருந்தது.

கையெட்டும் தூரத்தில் தடி இருந்தது. அடித்திருக்கலாம். அக்கா புற்றின் முன்னால் கும்பிட்டு நிற்கிற நேரத்தில் அவள் வீட்டில் அதை அடிக்க எனக்குக் கை வரவில்லை. அடித்தால் கூடைமேல்தான் விழும் என்பதும் ஒரு காரணம். அதன் தொண்டையில் முட்டை இருக்கிறவரை கடிக்க முடியாது என்று கணக்குப் போட்டுக் கூடையைப் பிடித்து மெதுவாக இழுத்தேன். அது தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. நானும் பார்த்தேன். பிறகு அது வந்த வழியே பின்வாங்கியது. நான் கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூடையோடு சாய்ப்புக்குள் வந்தேன். அதற்குள் கோழி என் கையைக் கொத்திப் பிடுங்கியிருந்தது.

எண்ணிப் பார்த்தேன். நான்கைக் காணோம். இரண்டு விரிசல் விட்டுக் கசிந்துகொண்டிருந்தன. மிச்சம் ஐந்து.

அக்கா மஞ்சள் குங்குமப் பொட்டலத்தோடு திரும்பி வந்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். கோழியைக் கூடையில் விட்டுப் பார்த்தாள். அது குதித்து வெளியே வந்து சாய்ப்பின் மூலையில் நின்றுகொண்டது. மறுபடி விட்டாள். மறுபடி ஓடியது. முட்டைகள் ஆறிக்கொண்டிருந்தன.

அவள் தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். ஐந்து முட்டையையும் துணியில் சுற்றி, வயிற்றோடு வைத்து, மேலே முந்தானையைச் சுற்றிக்கொண்டாள். "கூடைய இருட்டுல வையி. சாக்கப் போட்டு மூடு. அது தானா வரட்டும்" என்றாள்.

அப்படியே உட்கார்ந்திருந்தாள். சோறு வேண்டாம் என்றாள், தண்ணீர் மட்டும் நான் கொடுத்தேன். உரல் முன்னால் நாளெல்லாம் உலக்கை பிடிக்கிறவள், மூச்சுக்கூட அசையாமல் இருக்கப் பார்த்தாள். பீபீ வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அரே, மகளுக்கு முந்தி அம்மா மாசமாயிட்டா!" என்றாள். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு குலுங்கக் கூடாதென்று உதட்டைக் கடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

பீபீ போன பிறகு நான் சொன்னேன்: "அக்கா, அந்தப் புஸ்தகம்... அப்படி ஒண்ணும் கெடையாது. நானா சொன்னது."

அவள் முந்தானையை இன்னும் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள்.

"அஞ்சும் பொரியணும். இல்லேன்னா துரையத்தான் அடிச்சு ரசம் வைப்பேன்" என்றாள். அதற்கு மேல் அதைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் செவலை கூடையைச் சுற்றி வந்தது. சாக்கை அலகால் தள்ளி உள்ளே போனது. அக்கா ஒவ்வொரு முட்டையாக அதன் வயிற்றுக்கு அடியில் நழுவ விட்டாள். கோழி காலால் அவற்றை ஒதுக்கிச் சரிசெய்துகொண்டு, கண்ணை மூடியது. அக்காவால் உடனே எழுந்திருக்க முடியவில்லை. நான் கை கொடுத்துத் தூக்கினேன்.

மறுநாள் மயிரையெல்லாம் வாரித் தூரக் கொட்டினோம். வளையில் உடைந்த ஓடும் கருங்கல்லும் போட்டு இடித்து, மேலே ஒரு கல்பலகை போட்டேன். கோழி என் சாய்ப்பிலேயே இருந்தது. நான் வாசலில் படுத்தேன். மழையும் விட்டிருந்தது. அந்த வாரம் நான் மெட்ராஸுக்குப் புறப்படுவதாக இருந்தேன், கூட வருகிற ஆளும் தயாராக இருந்தான். அவனை மட்டும் அனுப்பிவிட்டேன். கோழிக்காக ஊரில் தங்கினவன் என்று வழியெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பான்.

பாம்பு வந்துபோன பன்னிரண்டாம் நாள் நான்கு பொரிந்தன. ஒன்று கூமுட்டை. நான்கில் ஒன்றைப் பருந்து தூக்கியது. மூன்று வளர்ந்தன, இரண்டு பெட்டை, ஒரு சேவல். பெட்டைகளில் ஒன்று நான் ஷாப்பிலிருந்து வந்து கால் கழுவும்போது என் கட்டை விரலைக் கொத்த வரும். ஏழாம் மாசம் மகளை அழைத்து வந்தார்கள். மெலிந்த பெண், அதிகம் பேசாது. அந்தப் பெட்டைக்கு அரிசி போடுவதற்காக மட்டும் வெளியே வந்து உட்காரும்.

பிள்ளை பிறந்தது. பெண். மூன்று நாள் அக்கா வேலைக்குப் போகவில்லை. பிள்ளை அழுதாலும் ஓடினாள், அழாவிட்டாலும் ஓடினாள். நாலாம் நாளும் பிள்ளை பாலுக்குக் கத்தியது. அக்கா வெளியே வந்து, "தம்பி, அதப் புடி" என்றாள்.

விரலைக் கொத்துகிற பெட்டைதான் கையில் சிக்கியது. எத்தனையோ ஆயிரம் தோலைச் சீவிய கையால் அதை அறுக்க முடியவில்லை. பீபீ வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவள் புருஷன் அறுத்துக் கொடுத்தார். மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு அக்கா ரசம் வைத்தாள். மகள் சுவரைப் பார்த்தபடி முழுச் சட்டியையும் குடித்தாள். எனக்கும் ஒரு கிண்ணத்தில் கழுத்துத் துண்டோடு கொஞ்சம் வந்தது. வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. நன்றாக இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா புற்றுக்குக் கிளம்பினாள். முந்தானையில் இரண்டு முட்டை இருந்தது.

"இன்னாக்கா, ரெண்டா?" என்றேன்.

"ஒண்ணு எப்பவும் வைக்கிறது" என்றாள். "இன்னொண்ணு, அஞ்ச வுட்டு வச்சுட்டுப் போச்சே, அதுக்கு."

அவள் திரும்பி வரும்வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனாள். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் எண்ணெய் போட்ட கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, தூளிக் கயிற்றைப் பிடித்து ஆட்டினேன்.