அப்பாவுக்குப் பிடித்த கிழங்கு

மெர்கோங்கில் என் மகள் வீட்டுக்கு வரும் பெண்கள் எப்போது பார்த்தாலும் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுவார்கள். ஒருத்திக்கு மீன்தலைக் கறி உசத்தி, இன்னொருத்திக்கு நண்டு. போன வாரம் என்னையும் கேட்டார்கள். மரவள்ளிக்கிழங்கு மசியலும் நெத்திலிச் சம்பலும் என்றேன்.

"என்னாம்மா, அது ஜப்பான்காரன் காலத்துச் சாப்பாடு லா," என்று சிரித்தார்கள்.

சிரிக்கட்டும். தோண்டிய அன்றைக்கே அவித்து, சூடு ஆறுமுன் மசித்து, சின்ன வெங்காயமும் கடுகும் தாளித்துக் கொட்டியதை அவர்கள் தின்றதில்லை. நாள் கடந்த கிழங்குக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாதவர்களோடு எனக்கென்ன பேச்சு? என் அம்மா செய்தால் சட்டியைச் சுரண்டித் தின்போம். புக்கிட் செலம்பாவ் பக்கம் அந்தக் கைக்கு ஈடு கிடையாது.

யுத்தத்தில் ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் கிழங்கே தின்று பிழைத்தவர்கள், பிறகு அதைக் கண்டாலே முகத்தைச் சுளிப்பார்கள். அப்பா மட்டும் வேறு மாதிரி. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிவிட்டு வந்ததும் மங்குத் தட்டில் கிழங்கைப் போட்டுக்கொண்டு, எனக்கும் ஒரு உருண்டை உருட்டித் தருவார். வெளியில் கேட்டால் கறிச்சோறு இல்லாமல் இறங்காது என்பார். ஆம்பளைக்குக் கிழங்கு பிடிக்கும் என்றால் தோட்டத்து லயத்து வீடுகளில் கேலி செய்வார்களே.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே அந்த அப்பா நெஞ்சு நோயில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். பேச்சில்லை, கண் திறப்பதில்லை. மூச்சு மட்டும் இழுத்துக்கொண்டே கிடந்தது. பாடாங் மேஹாவிலிருந்து அத்தை வந்தார். அப்பாவின் அக்கா.

"ஏதோ ஆசை நிக்குது தம்பிக்கு. அதான் உசுரு போவ மாட்டேங்குது," என்று அத்தை பெரியவர்களிடம் சொன்னாராம். பிடித்ததைக் கொஞ்சம் நாக்கில் வைத்தால் உயிர் நிம்மதியாகப் பிரியும் என்பது எங்கள் சனங்களின் நம்பிக்கை. எனக்கு அதையெல்லாம் யாரும் சொல்லவில்லை. அப்பாவுக்குப் பிடித்ததைக் கொடுக்கப் போகிறார்கள், தின்றதும் எழுந்துவிடுவார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவைக் கேட்டார்கள். "ஆட்டுக்கறி," என்றாள் அம்மா. ஆக்கி நாக்கில் தொட்டு வைத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் கேட்டபோது இறால் என்றாள். அதற்கும் அசைவில்லை. பக்கத்து வீட்டு அக்கா கேசரி கிண்டிக்கொண்டு வந்து, "என் கேசரின்னா அண்ணனுக்கு உசுரு லா," என்றார். கடைசி வீட்டுத் தாத்தா, கொஞ்சம் கள்ளு ஊற்றிப் பார்க்கலாமே என்றார்.

"என் தம்பி குடிக்க மாட்டான்," என்றார் அத்தை. தாத்தா வேறு பக்கம் திரும்பி இருமினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்து, "அம்மா, கிழங்கும்மா," என்றேன். அவள் என் வாயைப் பொத்தினாள். வலிக்கும்படி பொத்தினாள். "சும்மா கெட. ஒனக்கு என்னா தெரியும்?"

எனக்கா தெரியாது? நேராக அத்தையிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

அத்தை அம்மாவைப் பார்த்தார். "கிழங்காமே, புள்ள. நீ சொல்லவே இல்லியே?"

"மறந்துட்டேன் அண்ணி," என்றாள் அம்மா. அவள் தலை நிமிரவில்லை.

வீட்டுக்குப் பின்னால் அப்பாவே ஊன்றிய செடியை அத்தை பிடுங்கினார். அத்தை சம்பல் அரைத்தார், நான் கிழங்கை மசித்தேன். அம்மா அடுப்படிப் பக்கமே வரவில்லை. அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மக கையால வைக்கட்டும்," என்றார் அத்தை.

விரல் நுனியில் எடுத்து அப்பாவின் நாக்கில் வைத்தேன். உதடு அசைந்தது. தொண்டை ஏறி இறங்கியது. பார்த்தாயா என்பதுபோல அம்மாவைப் பார்த்தேன். அவள் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் இழுப்பு அடங்கியது. வயிறு நிறைந்து தூங்குகிறார் என்று நினைத்தேன். அத்தை குனிந்து பார்த்துவிட்டு ஓவென்று அழுதார். லயமே கூடிவிட்டது.

அம்மா எழுந்து வந்து, என் விரலில் ஒட்டியிருந்த கிழங்கை முந்தானையால் துடைத்தாள். எல்லாம் போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

எனக்கு அவள்மேல் அடங்காத கோபம். எத்தனை வருஷம் ஆக்கிப் போட்டவள், புருஷனுக்குப் பிடித்தது மறந்துபோகுமா? கையை உதறிக்கொண்டு, "நீ மொதல்லயே சொல்லிருந்தா அப்பா எந்திரிச்சிருப்பாரு," என்றேன்.

அம்மா என்னைத் திட்டவில்லை. "ஆமாடி," என்றாள். "மறந்துதான் போச்சு."