செவ்வரத்தம்பூப் பொட்டலம்

எதிர்க்கடைக்காரனைக் கண்டாலே எனக்குக் காய்ச்சல் வந்த காலம் அது. சாவகச்சேரிச் சந்தைக்குப் பக்கத்தில் இருபது வருடமாக மருந்துக்கடை வைத்திருந்தவன் நான். அவனோ நேற்று முளைத்தவன். சண்டையால் பாதை மூடிக் கிடந்ததால் மனநோய்க்கான குளிசைகள் அரிதாகி, இடையில் மருந்து நின்றவர்கள் பலர் மறுபடியும் குழம்பிப் போனார்கள். எங்கள் மருந்துக்கடைக்காரர் சங்கம் கூடி ஒரு முடிவெடுத்தது. எல்லாக் கடைகளிலும் இருக்கிற அந்தக் குளிசைகளை ஒரே அலுமாரியில் சேர்த்து ஒரு கடையின் பொறுப்பில் விடுவது. மாதம் ஒருமுறை மனநல வைத்தியரைச் சங்க மண்டபத்துக்கு அழைப்பது.

அந்தக் கடை என்னுடையதுதான் என்று அலுமாரிக்கு இடம்கூட ஒதுக்கிவிட்டுத்தான் கூட்டத்துக்குப் போனேன். எல்லாரும் அவனுக்கே கை உயர்த்தினார்கள்.

"குறை நினையாதையுங்கோ அண்ணை," என்றார் தலைவர். "டொக்டரின்ரை மருந்துத் துண்டை நீங்கள் உங்கடை குரலிலை வாசிச்சால், பஸ்ஸுக்கு நிக்கிறவனுக்கும் என்ன வருத்தமெண்டு விளங்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவன் முதல் வேலையாகப் பெயர்களை எடுத்துவிட்டான். பொட்டலத்தில் பெயருக்குப் பதில் ஒரு பூ. ஒருவர் அலரி, ஒருவர் நித்தியகல்யாணி, ஒருவர் செவ்வரத்தை. பூவைச் சொன்னால் மருந்து கைக்கு வரும். யார் எந்தப் பூ என்பது அவனுக்கும் வைத்தியருக்கும்தான் தெரியும்.

"உவன் மருந்து விக்கிறானோ, மாலை கட்டுறானோ?" என்று சாப்பிடும்போதெல்லாம் மனைவியிடம் நக்கலடிப்பேன். மகன் இயக்கத்துக்குப் போனதிலிருந்து அவள் கதைப்பதே குறைவு.

கடை வாங்கிலில் இருந்தபடி அவனிடம் போகிறவர்களை எண்ணுவதே எனக்குத் தொழிலாகிவிட்டது. புத்தூரிலிருந்துகூடச் சைக்கிளில் வந்தார்கள். பின்வாசலால் போகிறவர்கள் என் கண்ணில் படுவதில்லை; அவர்கள் நெடுநேரம் கதைத்துவிட்டுத்தான் போவார்களாம். அப்படி என்னதான் கதைக்கிறார்கள்? என்னிடம் தலையிடிக் குளிசைக்கு மேல் ஒரு சொல் யாரும் கதைத்ததில்லை. வைத்தியர் வரும் நாளில் மண்டபத்துப் பக்கம் நான் தலைவைத்தும் படுக்கமாட்டேன்.

அவனுக்கு மலேரியா வந்தது. கட்டிவைத்த பொட்டலங்களோடு அலுமாரி ஒரு கிழமைக்கு என் கடைக்கு வந்தது. அதை நான் மூன்று தரம் துடைத்தேன். இனிப் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். வந்தவர்களோ பூவைச் சொன்னார்கள், பொட்டலத்தை மடியில் செருகினார்கள், போய்விட்டார்கள். ஒருவரும் இருந்து கதைக்கவில்லை.

வியாழக்கிழமையோடு செவ்வரத்தை மட்டும் மிஞ்சியது. திங்களே வந்து எடுத்திருக்கவேண்டிய மருந்து அது. என் கடை என்பதால்தான் வரவில்லை என்று எனக்குக் கோபம். இரண்டு தரம் றோட்டுக்கு இறங்கியும் பார்த்தேன்.

வெள்ளி மத்தியானம் மனைவி வழமைபோலச் சாப்பாட்டுக் கரியரோடு பின்வாசலால் வந்தாள். கரியரை வைத்தவள் போகாமல் நின்றாள்.

"என்னப்பா?" என்றேன்.

"அந்தச் செவ்வரத்தம்பூ என்ரை," என்றாள். "அவர் எழும்பி வருமட்டும் பொறுப்பம் எண்டு பாத்தன். ஏலாமல் கிடக்கு. நாலு நாளாய் நித்திரையில்லை."

அந்த நாலு நாளும் அவளுக்குப் பக்கத்தில் குறட்டை விட்டவன் நான். எனக்கு முதலில் இரக்கம் வரவில்லை. என் மனைவியின் நித்திரை இவ்வளவு காலமும் அவனுக்குத் தெரிந்திருக்கிறதே என்ற பொறாமைதான் வந்தது.

"என்னட்டைச் சொல்லியிருக்கலாமே?"

என் வழக்கமான குரலில்தான் கேட்டேன். முன்வாசலில் தைலம் வாங்க நின்றவர் எட்டிப் பார்த்தார். அவள் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

பொட்டலத்தை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

"அவனோடை என்ன கதைக்கிறனீர்?" என்று இம்முறை மெல்லக் கேட்டேன்.

"பிள்ளையைப் பற்றி," என்றாள். "அவர் கேட்டுக்கொண்டிருப்பார்."