சேரின் விரலும் மூன்று வடிவங்களும்

மனித விரலுக்கு ஒரு ருசி உண்டு. முதலில் சுண்ணாம்பின் காரம் நாக்கு நுனியைச் சுடும்; அதற்குப் பின்னால் புகையிலையின் கசப்பு மெல்ல இறங்கும்; கடைசியில், காலையில் அந்த விரல் எதைப் பிசைந்ததோ அதன் மிச்சம், பெரும்பாலும் நெத்தலிக் குழம்பும் பழஞ்சோறும், உப்பாகத் தொண்டை வரைக்கும் போகும். இந்த ருசியோடுதான் நான் பன்னிரண்டு வயதுச் சிறுமியாக ஆங்கில வினைச்சொற்களின் மூன்று வடிவங்களையும் படித்தேன்.

கடல் ஊருக்குள் வந்து போனதற்கு அடுத்த காலம் அது. திருகோணமலைத் தெருக்களில் எங்கு பார்த்தாலும் கொடி கட்டிய வெள்ளை ஜீப்புகள் நின்றன. வீடும் கிணறும் கட்டித்தர வந்தவர்களுக்கு அவர்கள் மொழியில் கதைக்கத் தெரிந்த உள்ளூர் ஆட்கள் தேவைப்பட்டார்கள். நேற்று வரை வேலையில்லாமல் சந்தியில் நின்ற ஒருவன், நாலு வசனம் இங்கிலிஸ் தெரிந்ததால் இன்றைக்குக் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு ஜீப்பில் போவதை எங்கள் பெற்றோர்கள் பார்த்தார்கள். அதற்குப் பிறகு எங்களை யார் வீட்டில் இருக்க விட்டார்கள்?

என் அப்பாவுக்கு இதில் சொந்தக் காயமும் ஒன்று இருந்தது. அவர் துறைமுகக் களஞ்சியத்தில் கயிறும் பெயின்ற்றும் எடுத்துக் கொடுக்கிற வேலை செய்தார். மேல்பதவிக்கு நேர்முகம் நடந்தபோதெல்லாம் கேள்விகளை ஆங்கிலத்தில் கேட்டார்கள். வீட்டுக்கு வந்து சேட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, "கேட்டது முழுக்க விளங்கினது. சொல்லத்தான் ஏலாமப் போச்சு" என்பார். அதற்கு மேல் அதைப்பற்றிக் கதைக்கமாட்டார். ஆனால் என்னை "இங்கிலிஸ் சேர்" இடம் சேர்த்துவிட்ட அன்று, ஒரு மருந்துச் சீட்டை ஒப்படைப்பதைப்போல என் கையை அவரிடம் ஒப்படைத்தார்.

இங்கிலிஸ் சேர் கப்பல் முகவர் கந்தோர் ஒன்றில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வெளிநாட்டு மாலுமிகளோடு சரிசமமாகக் கதைத்தவர் என்று ஊரில் அவருக்குப் பெரிய மரியாதை. வேட்டியும் வெள்ளைச் சேட்டுமாகத் தெருவில் வந்தால், சைக்கிளில் போகிறவர்கள் இறங்கி நடப்பார்கள். அவர் வகுப்பு நடத்திய இடம், உள்துறைமுகத்துக்குப் போகிற வீதியில், மீனுக்கு ஐஸ் போடுகிற வாடி ஒன்றின் பின்புறம் இருந்த தகரக் கொட்டில். மீன் கழுவிய தண்ணீர் கொட்டிலின் ஓரத்தால் ஓடும் வாய்க்காலில் நிறம் மாறிக்கொண்டே போகும். செதில்கள் வெயிலில் காய்ந்து எங்கள் செருப்பில் ஒட்டும். நாங்கள் வாங்குகளில் நெருக்கி உட்கார்ந்திருக்க, சேர் வெற்றிலையைச் சப்பியபடியே கரும்பலகையில் மூன்று நிரல்கள் கீறுவார். அவரது கதிரைக்குக் கீழே ஒரு பழைய பால்மா ரின் இருக்கும். அதற்குள் துப்புவார். சில நேரம் குறி தவறும்.

"கோ, வென்ற், கோன்" என்று அவர் தொடங்க, நாங்கள் ஒரே குரலில் திருப்பிச் சொல்வோம். "ஈற், ஏற், ஈற்றன்." "டிரிங்க், டிராங்க், டிரங்க்." "கட், கட், கட்" வரும்போது மட்டும் எல்லோருக்கும் சந்தோசம், மூன்று தரமும் மாறாத சொல்லைப் போல நல்ல சொல் உலகத்தில் இல்லை. ஏன் "கோ" என்பது "வென்ற்" ஆகிறது, இரண்டுக்கும் ஓர் எழுத்துக்கூட ஒற்றுமை இல்லையே என்று நான் ஒருநாள் கேட்டேன். "வெள்ளைக்காரன் அப்பிடித்தான் வச்சவன். நீ என்ன அவனை விடப் பெரிய ஆளோ?" என்றார் சேர். பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இதெல்லாம் பரவாயில்லை. கஷ்டம் வந்தது "திங்க்", "த்ரோ" போன்ற சொற்களில். அந்தச் சத்தத்துக்கு நாக்கின் நுனி பற்களுக்கு வெளியே எட்டிப்பார்க்க வேண்டும். எங்கள் நாக்குகளோ பற்களுக்குப் பின்னாலேயே நின்று பழகியவை. சேருக்கு அது பொறுக்காது. "வாயைத் திற" என்பார். ஆட்காட்டி விரலையும் பெருவிரலையும் உள்ளே விட்டு, நாக்கைக் கவ்விப் பிடித்து வெளியே இழுத்து வைத்துக்கொண்டு, "இப்ப சொல்லு" என்பார். நாக்கை ஒருவர் பிடித்திருக்கும்போது எவராலும் எதையும் சொல்ல ஏலாது. எச்சில்தான் வடியும். அந்த எச்சிலோடு அடுத்த பிள்ளையிடம் போவார். இடையில் வேட்டியில் ஒரு துடைப்பு. பல நாள்களில் அதுவும் இல்லை.

வகுப்பு முடிந்ததும் நாங்கள் எல்லோரும் வாய்க்கால் ஓரத்தில் வரிசையாக நின்று துப்புவோம். வீதியால் போகிற பெரியவர்கள் அதைப் பிள்ளைகளின் விளையாட்டென்று நினைத்துக்கொண்டு போவார்கள். என் பக்கத்தில் எப்போதும் ஜெஸீமா நிற்பாள். கிண்ணியாவிலிருந்து, "பாதை" என்று நாங்கள் சொல்லும் தட்டைப் படகில் ஏறிக் கடலைக் கடந்து வருகிறவள். வகுப்பிலேயே கெட்டிக்காரி. பென்சில் பெட்டிக்குள் ஏலக்காய் வைத்திருப்பாள். ஒன்றை இரண்டாகப் பிய்த்து எனக்குப் பாதி தருவாள்.

வீட்டில் சொல்லவில்லையா என்று வாசிப்பவர்கள் கேட்கலாம். சொன்னேன். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தவர், தலை நிமிராமலே, "படிப்பிக்கிற கையில ஊத்தை பாக்கிறதோ?" என்றார். பக்கத்து வீட்டு மாமி, "சேர் உங்களைத் தன்ர பிள்ளையள் மாதிரி நினைக்கிறார், அதுதான் வாய்க்குள்ள கை வைக்கிறார்" என்று விளக்கம் சொன்னார். ஜெஸீமாவின் உம்மாவும் கிட்டத்தட்ட இதையே சொன்னாராம். அந்த விரலைத் தங்கள் வாயில் ஒருபோதும் வாங்காத பெரியவர்கள் எல்லோரும் அது சுத்தமான விரல் என்பதில் ஒரே கருத்தோடு இருந்தார்கள். அவர்களுடைய அந்த நிச்சயம், இன்று நினைக்கும்போது, விரலைவிட அதிகமாகக் குமட்டுகிறது.

ஒரு வெள்ளிக்கிழமை, சேருக்குப் பெருவிரலில் நகச்சுற்று. நகத்தின் ஓரம் வீங்கி மஞ்சளாகப் பழுத்து, மேலே சுண்ணாம்பும் மஞ்சளும் அப்பியிருந்தது. கப்பல்துறைக் கிராமத்திலிருந்து வந்த ஒரு சின்னப் பெடியன் எனக்கு முன்னால் இருந்தான். அவனுக்குச் சளி, மேலுதடு முழுக்க வழிந்திருந்தது. "த்ரோ, த்ரூ, த்ரோன்" அவனுக்கு வரவில்லை. சேர் அவன் நாக்கைப் பிடித்து இழுத்து நெடுநேரம் வைத்திருந்தார். அவன் அழுதான். மூக்கிலிருந்து வந்ததும் வாயிலிருந்து வந்ததும் அந்த விரல்களில் நூலாகத் தொங்கின. அப்படியே திரும்பி, "நீ சொல்லு" என்றார் என்னிடம். நான் சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். "வாயைத் திற" என்றார்.

திறந்தேன். பெருவிரலின் வீக்கம் என் மேலண்ணத்தில் வெதுவெதுப்பாக முட்டியது. நான் கடித்தேன்.

தவறுதலாகப் பல் பட்டுவிட்டது என்று சொல்லச் சொல்லிப் பின்னர் பலர் எனக்குப் புத்தி சொன்னார்கள். தவறுதலாக அல்ல. கடிக்க வேண்டும் என்று நினைத்து, உள்ள பலம் முழுவதையும் சேர்த்துக் கடித்தேன். நகச்சுற்று உடைந்தது. என் வாய்க்குள் வந்தது என்ன என்பதை நான் எழுதப்போவதில்லை. வாய்க்கால் வரைக்கும் ஓடிப்போய்க் குடல் வெளியே வரும்வரை சத்தியெடுத்தேன். சேர் கத்தவில்லை. விரலை மற்றக் கையால் பொத்திக்கொண்டு நின்று, "நாளைக்குக் கொப்பரைக் கூட்டிக்கொண்டு வா" என்று அப்பாவை அழைத்துவரச் சொன்னார்.

அன்று அம்மா முதலில் அடித்தார். பிறகு உப்புத் தண்ணீர் தந்து கொப்பளிக்கச் சொன்னார். "சேரின்ர கையைக் கடிக்க நீ என்ன நாயோ?" என்று கேட்டபடியே திரும்பத் திரும்ப உப்புப் போட்டுக் கலக்கித் தந்தார். அடுத்த நாள் அப்பா நல்ல சேட்டைப் போட்டுக்கொண்டார். நேர்முகத்துக்குப் போடுகிற அதே சேட்டு.

சனிக்கிழமை என்பதால் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட பெற்றோர் சிலரும் கொட்டிலின் வாசலில் நின்றார்கள். அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ சேர். பிள்ளை தெரியாமச் செய்துபோட்டுது" என்றார்.

"தெரியாமலோ? உம்மட பிள்ளைக்குக் கொழுப்பு" என்றார் சேர்.

"ஓம் சேர்."

"மன்னிப்புக் கேட்டாப் போதாது. எல்லாருக்கும் முன்னால வாயைத் திறக்கட்டும். நாக்கைப் பிடிச்சு அந்தச் சொல்லைச் சொல்ல வைக்கிறன். அப்பத்தான் மற்றதுகளுக்குப் பயம் வரும்."

"ஓம் சேர்" என்றார் அப்பா, பழக்கத்தில்.

சேர் எழுந்தார். கடைவாயில் அடக்கியிருந்த வெற்றிலைச் சக்கையை ஆட்காட்டி விரலால் தோண்டி எடுத்தார். பால்மா ரின்னுக்குள் உதறினார். காயப்பட்ட பெருவிரலில் சீலைத் துண்டொன்று சுற்றியிருந்தது. அதில் மஞ்சளாக ஊறியிருந்தது. சிவந்து பளபளத்த ஆட்காட்டி விரலை நீட்டியபடி என்னை நோக்கி வந்தார். அப்பா அந்த விரலைப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பக்கத்தில் நின்று கண்டேன். மூக்கு சுருங்கியது, பிறகு தொண்டை ஒருதரம் ஏறி இறங்கியது.

"சேர்" என்றார் அப்பா. "கை கழுவிப்போட்டு வாங்கோ."

சேர் நின்றுவிட்டார். "என்ன சொன்னனீர்?"

"பைப் வெளியில இருக்கு. கழுவிப்போட்டு வாங்கோ. நாங்கள் நிக்கிறம்."

"இவ்வளவு காலமும் இந்தக் கையாலதான் படிப்பிச்சனான். ஊரில எத்தினை பேர் இந்தக் கையால ஆளானவங்கள் தெரியுமோ?"

"ஓம் சேர். அதாலதான் கழுவச் சொல்லுறன்."

வாசலில் நின்ற பெற்றோர்களில் சிலர் அப்பாவை வெறுப்போடு பார்த்தார்கள்; கப்பல்துறைப் பெடியனின் தாய் மட்டும் தன் மகனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சேர் கழுவப் போகவில்லை. அப்பாவிடம் ஆங்கிலத்தில் ஏதோ நீளமாகச் சொன்னார். அப்பாவுக்கு முழுக்க விளங்கியிருக்கும். இந்த முறையும் அவர் பதில் சொல்லவில்லை. என் புத்தகப் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "வா பிள்ளை" என்றார்.

வீதி முனைக் குழாயில் நிறுத்தி என்னை வாய் கொப்பளிக்கச் சொன்னார். நான் முடித்ததும் அவரும் குனிந்து கொப்பளித்தார், பலதரம். அவர் வாயில் எவரும் கை வைத்திருக்கவில்லை.

அந்த வகுப்பு நின்றுவிடவில்லை. நான் ஒருத்திதான் நின்றேன். கப்பல்துறைப் பெடியன்கூட அடுத்த கிழமை வந்தானாம். ஜெஸீமாவும் இரண்டு வருடம் தொடர்ந்து போனாள்; அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. எனக்கு வேறு வகுப்புக் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கிடைத்ததையும் வானொலியில் கேட்டதையும் வைத்துக்கொண்டு ஒருமாதிரி ஆங்கிலம் கற்றேன். அப்பாவுக்கு மேல்பதவி கடைசிவரை வரவில்லை. இன்று நான் நிலாவெளிப் பக்கத்தில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் இருக்கிறேன். நாள் முழுக்க ஆங்கிலம்தான். "த்ரூ"வா "த்ரோன்"னா என்று இன்றைக்கும் தடுமாறுவேன். எந்த வெளிநாட்டுக்காரரும் அதற்காக என் வாயைத் திறக்கச் சொன்னதில்லை.

சேர் இந்த வருடம் காலமானார். மதில்களில் எல்லாம் கண்ணீர் அஞ்சலி ஒட்டியிருந்தார்கள். படத்தில் வெள்ளைச் சேட்டு, கீழே "எம் நாவில் ஆங்கிலம் தந்த ஆசான்" என்று ஒரு வரி. அதை வாசித்தபோது வந்த அருவருப்பை விழுங்கிக்கொண்டுதான் செத்தவீட்டுக்குப் போனேன். போகாமல் இருக்க முடியாத ஊர் இது. போகிற வழியில் பார்த்தேன். மீன்வாடி இல்லை, வாய்க்காலை மூடிக் கொங்கிறீற் போட்டிருக்கிறார்கள், கொட்டில் நின்ற இடத்தில் சுற்றுலா வான்கள் வரிசையாக நிற்கின்றன.

செத்தவீட்டில், கொழும்பில் பெரிய வேலையில் இருக்கும் ஒருவர் எழுந்து பேசினார். "சேர் எங்கட நாக்கைப் பிடிச்சு இழுத்துத் திருத்தினவர். அந்தக் காலத்து வாத்திமார் அப்பிடி. இப்ப யார் இருக்கினம்?" எல்லோரும் அன்போடு சிரித்தார்கள். ஒரு நாற்றம்கூட மிச்சமில்லாமல் கழுவித் துடைத்து, ஒரு நல்ல பழங்கதையாக அதை மாற்றி வைத்திருந்தார்கள்.

பின்வரிசைக் கதிரையில் என் பக்கத்தில் ஜெஸீமா இருந்தாள். இப்போது அவள் ஓர் ஆங்கில ஆசிரியை; எங்கள் வகுப்பில் உண்மையாகவே ஆங்கிலம் கற்றவள் அவள்தான். எல்லோரும் சிரித்தபோது அவளும் உதட்டளவில் சிரித்தாள். பிறகு என் பக்கம் சாய்ந்தாள்.

"உன்ட வாப்பா அண்டைக்குக் கூட்டிட்டுப் போனார் புள்ள" என்றாள். "நான் ரெண்டு வருசம் முழுங்கினன்."